வட்டமா, கொப்புளமா, வெள்ளைப் படலமா? தோலிலும் வாயிலும் வரும் பூஞ்சை, வைரஸ் தொற்றுகளைக் கையாளும் முறை

தோலில் அரிப்பு எடுத்தால் அலமாரியில் கிடக்கும் பழைய டியூபைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. மாதக்கணக்கில் நீளும் தொல்லைக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி விழுகிறது. பூஞ்சையும் வைரஸும் ஒன்றுபோலவே சிவக்கும், ஒன்றுபோலவே எரியும். ஆனால் மருந்து வேறு. அதைவிட முக்கியம், மருந்துக்கான காலக்கணக்கு வேறு. வைரஸ் கொப்புளத்துக்கு முதல் சில மணி நேரத்திலோ நாட்களிலோ மருந்து உள்ளே போயாக வேண்டும். பூஞ்சைக்கு இரண்டு நாள் கழித்துத் தொடங்கினாலும் குடி முழுகிவிடாது. தோல் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பும்.

கீழே வரும் மருந்தளவுகள் மற்றபடி நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுபவை. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை என்று வரும் இடத்தில் எல்லோருக்குமே அப்படித்தான்.

முதலில் நன்றாகப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், தோலைத் துடைத்து உலரவைத்துவிட்டுப் பாருங்கள். எதையும் தடவியிருந்தால் கழுவிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். களிம்பின் பளபளப்பில் செதில் தெரியாது.

கவனிக்க வேண்டியது முதலில் ஓரம். வெளிவிளிம்பு சற்றே மேடாக, சிவந்து, செதிலோடு இருந்து, நடுப்பகுதி ஆறியதுபோலத் தெரிந்தால் படர்தாமரை என்று சந்தேகப்படலாம். அடுத்து நீர். சிவந்த அடித்தளத்தின் மேல் தெளிந்த நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக நின்றால் ஹெர்பிஸ் வகை வைரஸ். உடம்பின் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டைத் தாண்டாமல் பட்டையாக ஓடினால் அக்கி. வாய்க்குள் வெள்ளையாக இருந்தால், சுத்தமான துணியை விரலில் சுற்றி மெல்லத் துடைத்துப் பாருங்கள். தயிர்த்திப்பிபோல வழித்துக்கொண்டு வந்து அடியில் சிவந்த தோல் தெரிந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. எவ்வளவு துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு வேறு சங்கதி. அதைப் பல் மருத்துவர் பார்க்க வேண்டும், குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உள்ளவர்களிடம். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம்.

படர்தாமரை

தோல், முடி, நகம் மூன்றிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் இந்தப் பூஞ்சைகளுக்கு இரை. ஓரிடத்தில் இறங்கி, அங்கிருந்து எல்லாப் பக்கமும் சமமாக வெளியே நகரும்; அதனால்தான் வட்டம். உயிரோடு மேய்ந்துகொண்டிருக்கும் பூஞ்சை விளிம்பில்தான் அதிகம். ஆய்வகத்தில் பரிசோதிக்கும்போதும் விளிம்புச் செதிலைத்தான் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நடுவில் சுரண்டினால் பூஞ்சையே இல்லை என்று தவறான முடிவு வரலாம். அதே காரணத்தால், நடுவில் மட்டும் களிம்பை அப்பிவிட்டு ஓரத்தை விட்டுவிட்டால் எதிரி வெளியே நடந்துகொண்டே இருப்பான்.

தடவும் முறை இது. குளித்துத் துடைத்து, தோல் முழுக்க உலர்ந்த பிறகு தொடங்குங்கள். வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. தள்ளி, நல்ல தோலிலிருந்து ஆரம்பித்து உள்நோக்கித் தடவுங்கள். உள்ளிருந்து வெளியே தேய்த்தால் பூஞ்சையை நாமே ஊர் சுற்ற அனுப்புகிறோம். அளவுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. வளர்ந்தவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து பிதுக்கிய ஒரு கோடு சுமார் அரை கிராம்; விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். அதைவிடக் கெட்டியாகப் பூசுவதால் சீக்கிரம் ஆறாது. தடவி முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு என்றால் தினம் இரண்டு வேளை, 2 முதல் 4 வாரம். டெர்பினாஃபின் 1 சதவீதம் என்றால் தினம் ஒருமுறையோ இருமுறையோ, 1 முதல் 2 வாரம். எந்த மருந்தானாலும் அரிப்பு நின்ற நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது முதல் வாரத்திலேயே நின்றுவிடும். செதிலும் மேடும் முழுக்க மறைந்த நாளை நாட்காட்டியில் குறித்து, அதற்குப் பின் இன்னும் 1 முதல் 2 வாரம் தடவுங்கள். இடம் சற்றுக் கறுத்துத் தெரிவது பழைய வீக்கத்தின் சாயல். அதைப் போக்க மருந்தை மாதக்கணக்கில் இழுக்க வேண்டியதில்லை, தானே மங்கும்.

இனி, எல்லாவற்றையும் கெடுக்கும் சமாச்சாரம்: ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து விற்பதுண்டு. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு அடங்கும், அரிப்பு போகும். ஆகா, கைகண்ட மருந்து என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு தூங்க வைத்துவிடுகிறது. தடுப்பார் இல்லாத பூஞ்சை விளிம்பு மங்கி, வட்டத்துக்குள் வட்டமாக, தொடைக்கும் இடுப்புக்கும் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகப் பொங்கும். உடனே திரும்பத் தடவுவார்கள். இந்தச் சுற்றில் மாதங்கள் ஓடிவிடும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும் தழும்புகள் நிரந்தரமாகவே நின்றுவிடும்.

அதனால் டியூபின் முன்பக்கப் பெயரை நம்பாமல் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோபெட்டசாலும் குளோட்ரிமசோலும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். முன்னது பூஞ்சையை வளர்க்கும், பின்னது அழிக்கும். கடையில் வாய்வழியாகக் கேட்பதைவிட எழுதிக் காட்டுவது நல்லது.

ஏற்கெனவே இப்படித் தடவிப் பரவிவிட்டதா, உடம்பில் பல இடத்தில் இருக்கிறதா, 4 வாரம் ஒழுங்காகத் தடவியும் நகரவில்லையா, அப்போது களிம்பு போதாது; தோல் மருத்துவர் மாத்திரை தருவார். டெர்பினாஃபினுக்கு மசியாத பூஞ்சையும் இப்போது பரவலாக இருக்கிறது. 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே அப்படிப்பட்டது. அதற்குப் பெரும்பாலும் இட்ராகோனசோல் பக்கம் போக வேண்டியிருக்கும். முன்பு யாருக்கோ கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மருந்து பாதி, துணி பாதி. துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றைத் தனியாக, துணி தாங்குமானால் 60 டிகிரி சூட்டில் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்த உள்ளாடை பூஞ்சைக்கு விருந்து. வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்தைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். வீட்டுப் பூனை, நாயின் உடம்பில் வட்டமாக முடி கொட்டியிருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலை, கால்விரல், நகம்

குழந்தையின் தலையில் செதிலோடு முடி உடைந்து திட்டாகச் சொட்டை விழுந்தால் களிம்பைக் கையில் எடுக்கவே வேண்டாம். பூஞ்சை முடித்தண்டுக்குள் இருக்கிறது, களிம்பு அங்கே போகாது. கிரிசியோஃபல்வின் அல்லது டெர்பினாஃபின் வாய்வழியாக வாரக்கணக்கில் தர வேண்டியிருக்கும்; கீட்டோகோனசோல் ஷாம்பூ அடுத்தவருக்குப் பரவுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். சில குழந்தைகளுக்குத் தலையில் சீழ்க்கட்டிபோல மெத்தென்று வீங்கும். பார்ப்பதற்குக் கீற வேண்டிய கட்டி மாதிரியே இருக்கும், ஆனால் கீறக் கூடாது. அதுவும் பூஞ்சைக்கு உடல் காட்டும் எதிர்ப்புதான். தாமதித்தால் அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம்.

கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது விரலுக்கு நடுவில் தொடங்கும். நெருக்கமான, காற்றுப் போகாத இடம் அதுதான். வெள்ளையாக ஊறிப் போய், உரிந்து, நாறும். ஒவ்வொரு இடுக்கிலும் துண்டின் முனையை விட்டு ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே களிம்பு. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்க உலரும். காலில் தொற்று இருக்கும்வரை உடுத்தும்போது முதலில் சாக்ஸ், பிறகு உள்ளாடை. வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பாதத்துப் பூஞ்சை தொடை இடுக்குக்கு ஏறும் வழிகளில் ஒன்று, வெறும் பாதம் வழியாக மேலே இழுக்கப்படும் உள்ளாடை. இடுக்கில் வெடிப்பு விழுந்து கால் சிவந்து வீங்கி, சூடாகி, காய்ச்சலும் வந்தால் பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் இந்த வெடிப்பை ஒருநாளும் அலட்சியம் செய்யக் கூடாது.

நகம் தடித்து மஞ்சளானதெல்லாம் பூஞ்சை அல்ல. சொரியாசிஸ் என்ற தோல் நோயும் பழைய அடியும் அப்படியே காட்டும். எனவே நகத்துணுக்கைச் சோதித்து உறுதிசெய்த பிறகே மாத்திரை: டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று, கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம், கல்லீரல் பரிசோதனையோடு. மாத்திரை முடிந்தும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். புதிய நகம் வளர்ந்து பழையதைத் தள்ள வேண்டும். கால் பெருவிரலில் அதற்கு 12 முதல் 18 மாதம் பிடிக்கும்.

தேமல்

மார்பு, முதுகு, கழுத்தில் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக வரும். மலசீசியா என்ற இந்தப் பூஞ்சை எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான். வெப்பமும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடும்போது தலையெடுக்கிறது. ஆகவே இது ஒட்டுவாரொட்டி அல்ல, யாரையும் தனியே ஒதுக்க வேண்டாம்.

நகத்தால் மெல்லச் சுரண்டினால் மாவுபோலப் பொடிச் செதில் உதிரும். பால் வெள்ளையாக, செதிலே இல்லாமல் இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். வெளிறிய திட்டில் பஞ்சால் தொட்டால் உணர்வு தெரியவில்லை என்றால் தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. இந்தப் பஞ்சுச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, செய்துவிடுங்கள்.

இங்கே டியூப் களிம்பு வீண்செலவு. முதுகு முழுக்கத் தடவ எத்தனை டியூப் வேண்டும்? ஷாம்பூ வடிவ மருந்துதான் சரி. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை ஈரத்தோலில் கழுத்திலிருந்து இடுப்புவரை, திட்டு இல்லாத இடத்தையும் சேர்த்துப் பூசி, 5 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். தினம் ஒருமுறை, 5 நாள். அல்லது செலீனியம் சல்ஃபைடு 2.5 சதவீதம், 10 நிமிடம், 7 நாள். கீட்டோகோனசோலை மாத்திரையாக இதற்கு எடுக்க வேண்டாம், கல்லீரலைக் கெடுக்கும். டெர்பினாஃபின் மாத்திரை இந்தப் பூஞ்சையிடம் வேலை செய்யாது.

மருந்து கேட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுரண்டினால் செதில் உதிரவில்லையா, பூஞ்சை போய்விட்டது. நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். வருடாவருடம் வருகிறவர்கள் வெப்பக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை இதே ஷாம்பூவைப் பூசிக் கழுவிவந்தால் தலைதூக்காது.

மடிப்புகளில் கேண்டிடா

அக்குள், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், குழந்தையின் டயப்பர் பகுதியில் பச்சைப் புண்போலச் செக்கச்செவேல் என்று இருந்து, அந்தச் சிவப்புக்கு வெளியே தனித்தனியாகச் சின்னச் சிவப்புப் பொட்டுகளோ சீழ்ப்பொட்டுகளோ சிதறிக் கிடந்தால் அது கேண்டிடா. படர்தாமரைக்கு இந்தச் சிதறல் இருக்காது. சாதாரண டயப்பர் புண் மடிப்பின் உள்பக்கத்தை விட்டுவிடும். கேண்டிடா மடிப்புக்குள்ளேதான் புகும். குளோட்ரிமசோல் களிம்பு தினம் இருவேளை போதும், ஆனால் ஈரத்தை விரட்டாமல் எதுவும் நிற்காது. பெரியவர்களுக்கு இது திரும்பத் திரும்ப வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை நோய் இப்படித்தான் சிலருக்கு முதன்முதலாகத் தெரியவரும்.

வாய்க்குள் வெள்ளைப் படலம்

கைக்குழந்தையின் நாக்கு மட்டும் வெண்மையாக இருந்தால் அது பெரும்பாலும் பால். கன்னத்தின் உட்புறத்திலும் உதட்டின் உள்ளேயும் ஒட்டிக்கொண்டிருந்து, துடைத்தால் சுலபத்தில் வராமல், வந்தால் அடியில் சிவந்திருந்தால் கேண்டிடா. நிஸ்டாடின் சொட்டு மருந்து (1 மி.லி.யில் 1,00,000 அலகு) வழக்கமாக 1 மி.லி., தினம் 4 வேளை. பால் கொடுத்த பிறகு, பாதியை ஒரு கன்னத்திலும் பாதியை மறு கன்னத்திலும் விடுங்கள். இந்த மருந்து தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். நேராகத் தொண்டைக்குள் ஊற்றினால் வயிற்றுக்குப் போய்விடும், வாய் அப்படியே இருக்கும். படலம் மறைந்த பிறகும் இரண்டு நாள் தொடருங்கள். தாயின் மார்புக் காம்பில் எரிச்சலோ வெடிப்போ இருந்தால் இருவருக்கும் சேர்த்து மருந்து தேவை. பால்புட்டி ரப்பர், சூப்பான் ஆகியவற்றைத் தினமும் கொதிக்கவையுங்கள். மைகோனசோல் வாய் ஜெல்லைப் பிஞ்சுக் குழந்தைக்குத் தருவது ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரியவர்களிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின் மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது. இரத்தம் உறையாமல் கசிவு ஏற்படும்.

பெரியவர்களுக்கு இந்தப் படலம் வந்தால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். ஆன்டிபயாடிக், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, பல்செட், வாய் வறட்சி, சர்க்கரை, எச்.ஐ.வி. இவற்றில் ஏதோ ஒன்றுதான் பல நேரம். முதல் இரண்டும் இல்லை, பல்செட்டும் இல்லை, ஆனாலும் வந்திருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்து நிஸ்டாடினேதான், 4 முதல் 6 மி.லி., தினம் 4 வேளை. வாய்க்குள் முடிந்தவரை நேரம் வைத்துச் சுழற்றி விழுங்குங்கள், 7 முதல் 14 நாள். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி பயன்படுத்தும் வழக்கம் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து உபயோகிக்க வேண்டாம். நிஸ்டாடினின் வேலையை அது கெடுத்துவிடும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாயில் இறங்கியிருக்கலாம். அதற்கு ஃபுளுகோனசோல் மாத்திரை தேவைப்படும்.

இன்ஹேலர்காரர்கள் ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில் மாட்டும் குழாய்) வைத்து உறிஞ்சி, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல்செட் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றிவிடுங்கள். அண்ணத்தில் பல்செட் உட்காரும் இடம் மட்டும் அச்சுக் குத்தியதுபோலச் சிவந்திருந்தால் பூஞ்சையின் இருப்பிடம் அந்த பிளாஸ்டிக்தான். வாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. பல்செட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அதற்குரிய கரைசலில் ஊறவைத்து, காலையில் அலசிவிட்டுப் போடுங்கள். வாயின் இரு ஓரமும் வெடித்து ஈரமாகவே இருப்பதற்கும் பல நேரம் இதே கேண்டிடா காரணம். சில சமயம் பாக்டீரியா, சில சமயம் இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கும்.

உதட்டின் உட்பக்கம் வட்டமாக, மஞ்சள் நிற அடியோடு, சுற்றிலும் சிவந்து வரும் வழக்கமான வாய்ப்புண் பூஞ்சையும் அல்ல, வைரஸும் அல்ல. யாருக்கும் ஒட்டாது, 1 முதல் 2 வாரத்தில் ஆறும். 3 வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும், வலி இல்லாவிட்டாலும், காட்டியே ஆக வேண்டும்.

உதட்டுக் கொப்புளம்

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ஒருமுறை உள்ளே போனால் நரம்பு முடிச்சில் குடியேறி, காய்ச்சல், கடும் வெயில், உளைச்சல் என்று சாக்குக் கிடைக்கும்போதெல்லாம் அதே உதட்டோரத்துக்கு வரும். வருவதற்கு முன் அறிவிப்பும் தரும்: ஓரிடத்தில் குறுகுறுப்பு, சுரீர் என்று எரிச்சல், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மருந்துக்கான நேரம் அதுதான். அசைக்ளோவிர் 5 சதவீதக் களிம்பை அப்போதே தொடங்கி, விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 4 மணி நேரத்துக்கு ஒருமுறையாகத் தினம் 5 தடவை, 5 நாள் தடவுங்கள். அப்போதும் ஒரு நாள் அளவுதான் மிச்சமாகும். பொருக்குக் கட்டிய பிறகு தடவுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அத்தோடு சரி.

பொருக்கு உதிரும்வரை முத்தம், பொது டம்ளர், உதட்டுச் சாயம் எதுவும் பகிரக் கூடாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையை நெருங்கவே வேண்டாம். பெரியவருக்குச் சின்னத் தொல்லையான இந்த வைரஸ் பச்சிளங்குழந்தையின் உயிரையே எடுக்கும். கொப்புளத்தைத் தொட்ட கையோடு காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். கண் சிவந்து கூசினால் அன்றே கண் மருத்துவர்.

சில குழந்தைகளுக்கு இது முதன்முறையாக வரும்போது வாய் முழுக்க வெடிக்கும். கடும் காய்ச்சல், வீங்கி இரத்தம் கசியும் ஈறு, நிற்காமல் வடியும் எச்சில். ஈறு வீங்கியிருப்பதுதான் இதை மற்ற வாய்ப்புண்களிலிருந்து பிரித்துக் காட்டும். 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் அசைக்ளோவிர் திரவ மருந்து வேலை செய்யும். எக்சிமா (கரப்பான்) உள்ள குழந்தைக்கு ஒரே அளவுள்ள குழிப்புண்கள் சட்டென்று பரவினால் அது அவசரநிலை.

கை, கால், வாய் நோய் வேறு. காக்ஸாக்கி ஏ16, என்டிரோவைரஸ் ஏ71 போன்றவை கிளப்பிவிடும் இதில் வாய்ப்புண்ணோடு உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் நீள்வட்டக் கொப்புளங்கள் இருக்கும், ஈறு வீங்காது. வைரஸுக்கென்று மருந்து இல்லை, 7 முதல் 10 நாளில் தானே போகும். செய்ய வேண்டியது குழந்தை வறண்டுபோகாமல் பார்ப்பதுதான். உணவை வற்புறுத்தாதீர்கள்; குளிர்ந்த நீர்ம உணவைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். வாய் வலியால் குடிக்க மறுத்தால், பாராசிட்டமால் (எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம்) கொடுத்து அரை மணி கழித்து ஊட்டுங்கள், அப்போது இறங்கும். மரத்துப்போகச் செய்யும் ஜெல் 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து. 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், தூக்கத்தில் உடம்பு தூக்கித்தூக்கிப் போட்டால், தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ துவண்டு கிடந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஆல்கஹால் கைத்திரவம் இந்த வைரஸை அவ்வளவாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும்தான் சரி. குணமான பிறகும் வாரக்கணக்கில் மலத்தில் வெளியேறும் என்பதால் டயப்பர் மாற்றும் கை மிக முக்கியம். சில வாரம் கழித்து நகம் கழன்றால் பதற வேண்டாம், புதிது முளைக்கும்.

அக்கி

சின்னம்மை வந்து போனவரின் நரம்புக்குள் பல ஆண்டு உறங்கிய வைரஸ் விழித்துக்கொள்வதுதான் அக்கி. கொப்புளத்துக்கு ஓரிரு நாள் முன்பே அந்த இடத்தில் எரியும், குத்தும்; துணி பட்டாலே தாங்காது. மார்பின் இடப்பக்கம் என்றால் மாரடைப்பு என்று பயந்து ஓடுவதும் உண்டு (அந்தப் பயத்தில் ஓடுவதில் தவறில்லை).

கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்க வேண்டும்: அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் 5 வேளை, 7 நாள். அல்லது வலாசைக்ளோவிர் 1 கிராம் தினம் 3 வேளை, 7 நாள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். மேலே எதையாவது அரைத்துப் பூசிக்கொண்டு மூன்று நாளை வீணாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பூச்சுக்கு அடியில் சீழ் பிடித்தாலும் தெரியாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, ஒட்டாத துணியால் தளர்வாக மூடினால் போதும். மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண்ணுக்குள் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த நரம்பின் கிளை ஒன்றேதான் இரண்டுக்கும் போகிறது. காதில் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அன்றைய தினமே மருத்துவமனை.

அக்கியைத் தொட்டால் அக்கி ஒட்டாது. சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத ஒருவருக்குச் சின்னம்மையாக ஒட்டும். பொருக்குக் கட்டும்வரை கர்ப்பிணிகளையும் பிஞ்சுகளையும் விலக்கி வையுங்கள். ஆறிய பிறகும் 3 மாதத்துக்கு மேல் வலி நின்றால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை கேட்காது, காபபென்டின் போன்றவை தேவைப்படும். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி உண்டு. இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில்.

மருவும் பாலுண்ணியும்

பாதத்தில் கட்டியாக இருப்பது மருவா ஆணிக்காலா? நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் விரலால் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. மேல்தோலைச் சற்றுச் சீவினால் மருவில் தோல்ரேகை அறுபட்டு, கரும்புள்ளிகள் தெரியும். அடைபட்ட நுண் இரத்தக்குழாய்கள் அவை.

மருவுக்கு வேண்டியது பொறுமை. இரவில் வெந்நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, வெள்ளையாக மெத்தென்று ஆன தோலை அட்டை அரத்தால் தேய்த்து எடுங்கள். இரத்தம் வருமளவு வேண்டாம். சுற்றியுள்ள நல்ல தோலில் பெட்ரோலியம் ஜெல்லியால் ஒரு வளையம் போடுங்கள். சாலிசிலிக் அமிலம் 17 சதவீதக் கரைசலை மருவின் மேல் மட்டும் வைத்து உலரவிட்டு, பிளாஸ்டரால் மூடுங்கள். தினமும் இப்படி, 12 வாரம்வரை. இரண்டு வாரம் செய்துவிட்டுக் கேட்கவில்லை என்பவர்களே அதிகம். எரிந்து புண்ணானால் இரண்டு மூன்று நாள் நிறுத்தித் தொடருங்கள். அந்த அரத்தை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். முகம், பிறப்புறுப்பு, மச்சம் ஆகியவற்றில் இந்த அமிலம் கூடாது. சர்க்கரை நோயாளியின் பாதத்திலும் கூடாது. தோல்ரேகை மறுபடி மருவின் ஊடாக ஓடத் தொடங்கும்போதுதான் வேர் போயிற்று என்று அர்த்தம். பிளேடால் வெட்டினாலும் மேலே ஷேவ் செய்தாலும் கோடு இழுத்ததுபோல வரிசையாக முளைக்கும்.

பாலுண்ணி என்ற பெயரைத் தோலில் தொங்கும் சதைத் துணுக்குகளுக்கும் சொல்கிறார்கள். அவை தொற்றே அல்ல. வைரஸால் வருவது, முத்துப்போலப் பளபளப்பாக, உச்சியில் தொப்புள் மாதிரி ஒரு குழியோடு இருக்கும். குழந்தைகளுக்குத்தான் அதிகம். பிதுக்கினால் வெளியே வரும் வெண்ணிறக் கட்டியில் வைரஸ் நிறைந்திருக்கிறது. அது பட்ட இடமெல்லாம் புதிதாக முளைக்கும், தழும்பும் விழும். எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்தில் போய்விடும். துண்டைத் தனியாக வைத்து, சொறியாமல் நகத்தை வெட்டிவிடுங்கள். திடீரென்று ஒரு நாள் அவை சிவந்து வீங்கினால் சீழ் பிடித்துவிட்டது என்று ஆன்டிபயாடிக் தேடி ஓட வேண்டாம். பல நேரம் உடல் அந்த வைரஸை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கியதன் குறி அது. சில வாரத்தில் வற்றி உதிரும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவிக்கொண்டே போனாலோ மட்டும் காட்டுங்கள்.